மூன்றாம் மாடியில் முடங்கிய கணக்கு

அத்தியாயம் 5

லிஃப்டின் கதவு பாதி திறந்தபடி நின்றிருந்தது. குறுக்கே ஒரு சங்கிலி, சங்கிலியில் ஒரு பலகை, பலகையில் கையால் எழுதிய இரண்டு வரி. ரேடியோ பலகைகளைப் படிக்கிற ரகம் இல்லை. பொத்தானை அழுத்தினான். ஒன்றும் நடக்காததால் இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினான்.

"தம்பி, அது அழுத்தினாலும் வராது, கெஞ்சினாலும் வராது. படி ஏறு" என்றாள் அண்ணி.

ரேடியோ சங்கிலிக்கு மேல் தலையை நீட்டி உள்ளே பார்த்தான். சுவரில் ஒரு தகடு மின்னியது. "ஆறு பேர், நானூத்தி எட்டு கிலோ. தலைக்கு அறுபத்தெட்டு. நான் ஏறினா அடுத்தவர் பங்குலயும் கை வெச்சிருப்பேன் அண்ணி. நல்லவேளை ஓடல."

ரேடியோ என்பது தெரு வைத்த பெயர். ஆறு வருடம் ஜவுளிக்கடை வாசலில் மைக் பிடித்தவன். தள்ளுபடி முடிந்த பிறகும் அவன் வாய் ஓயவில்லை என்பதால் வேலை போயிற்று. அண்ணி அவனுடைய அண்ணன் மனைவி. பத்து வருடம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்துவிட்டு, இப்போது ஊராருக்காகத் துப்பறிகிறவள். தெருவில் சின்னது பெரியது எல்லாம் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். அந்தப் பெயருக்கு நிஜமான உரிமைக்காரன் தான் ஒருவன்தான் என்பதில் ரேடியோவுக்கு ஒரு கர்வம் உண்டு.

அவர்களுக்குப் பின்னால் வந்த பெண்ணும் ஒரு தடவை பொத்தானை அழுத்திப் பார்த்தாள். பதினெட்டு வயது, அழுது அழுது மூக்கு சிவந்த முகம். அவளுடைய அப்பா மட்டும் லிஃப்ட் பக்கம் திரும்பவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நேராகப் படிக்கட்டுக்குப் போனார். அண்ணி அவர் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி மூன்று ஐந்து. சரியாக ஐந்து மணிக்குக் கல்லூரி விண்ணப்பத் தளம் மூடிவிடும்.

ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் இந்த இருவரும் அண்ணி வீட்டுக்கு வந்தார்கள். பேசியதெல்லாம் மகள்தான். ஒரே தளத்தில் எல்லாக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பித்து, விருப்ப வரிசை கொடுக்க வேண்டும். அவள் சும்மா கொடுக்கவில்லை. எந்தக் கல்லூரிக்கு என்ன சான்றிதழ், என்றைக்குக் கடைசி நாள் என்று கணினியில் ஓர் அட்டவணையே போட்டிருந்தாள். முடிந்த வேலைக்குப் பச்சை, பாதி வேலைக்கு மஞ்சள், ஆபத்துக்குச் சிவப்பு. வெளிநாட்டில் முதியோரைக் கவனிக்கும் வேலையில் இருந்த அம்மாவும், வீட்டில் இருந்த அப்பாவும் தங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். வரிசையில் முதலாவது, கப்பல் வடிவமைப்புக் கல்லூரி. கடற்கரை ஊரில் இருந்தது. ரயிலில் பதினாறு மணி நேரம்.

இன்று காலை நினைவூட்டல் மணி அடித்ததும் தளத்தைத் திறந்தாள். கப்பல் கல்லூரியைக் காணோம். உள்ளூர்க் கல்லூரி முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. அதைத் திருத்தப் போனால், கணக்கு முடக்கப்பட்டிருந்தது. திறக்க வேண்டுமானால், முடக்கியவர் வைத்த நாலு இலக்க எண் வேண்டும். மூன்று தடவைதான் முயலலாம். பதற்றத்தில் தன் பிறந்த நாளைப் போட்டு ஒன்று, வீட்டு எண்ணைப் போட்டு இன்னொன்று என இரண்டை வீணாக்கிவிட்டாள். மிச்சம் ஒன்று. ஐந்து மணிக்குள் திறக்காவிட்டால், இருக்கிற வரிசையே இறுதி வரிசை.

"யார் செஞ்சதுன்னு கண்டுபிடிங்க அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "செஞ்சவன் நல்லாவே இருக்க மாட்டான்."

அப்பா வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை. "யாருன்னெல்லாம் வேண்டாம்மா. அந்த சென்டர் ஷட்டரைத் திறக்க வெச்சீங்கன்னா போதும்."

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ரேடியோ கேட்டதற்கு மகள்தான் பதில் சொன்னாள், மெக்கானிக் என்று. நகக்கண்ணில் இருந்த கிரீஸும் அதையே சொன்னது.

விண்ணப்பத்தைப் பதிந்து கொடுத்தது இந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் இன்டர்நெட் சென்டர். ஓ.டி.பி. அந்த சென்டர்காரர் போனுக்குத்தான் வரும். எண் கிடைத்தாலும் ஓ.டி.பி. இல்லாமல் கணக்கு திறக்காது. அவரோ காலையிலிருந்து ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் மாடி நடையில் முப்பது பேராவது இருந்தார்கள். ஜன்னல் இல்லாத நடை, எரிகிற ஒரே ஒரு குழல் விளக்கு. வியர்வையும் கோபமும் சேர்ந்து புழுங்கியது. ஒருத்தர் ஷட்டரைக் கையால் தட்டினார். இன்னொருத்தர் செருப்பால் தட்டினார். மற்றவர்கள் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு எதையோ அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் அந்த ஆளுக்குப் போன் போடுறாங்க அண்ணி. உள்ள டிங் டிங்குனு கேக்குது பாருங்க" என்றான் ரேடியோ.

அண்ணி கூட்டத்துக்குள் நுழைந்து, நாலு பேர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பேருந்தில் நெரிசலுக்குள் புகுந்து பழகியவளுக்கு இதெல்லாம் ஒரு கூட்டமே இல்லை. "போன் போடல தம்பி. தளத்துல 'ஓ.டி.பி. அனுப்பு'ன்னு அழுத்துறாங்க. இங்க யார் அழுத்தினாலும் மணி அங்கதான் அடிக்குது. எல்லாருக்கும் ஒரே போன்."

அவள் கைப்பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து எழுதினாள். கழிப்பறைப் பக்கம் சுற்றிக்கொண்டு போனால் சென்டருக்கு ஒரு பின்கதவு இருந்தது. தாளைக் கதவுக்கு அடியில் தள்ளினாள். ரேடியோ எட்டிப் படித்தான். 'எத்தனை பிள்ளைங்க கணக்கு உங்க ஒரே போன்ல இருக்குன்னு எனக்குத் தெரியும். வெளிய நிக்கிற ஒவ்வொருத்தரும் தன் பிள்ளை கணக்கு மட்டும்தான்னு நினைச்சிட்டிருக்காங்க.'

பத்து எண்ணுவதற்குள் கதவு ஒரு சாண் திறந்தது.

சென்டர்காரருக்கு நாற்பது வயது இருக்கும். மூன்று நாள் தாடி, சட்டையில் இரண்டு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அண்ணியை உள்ளே விட்டார், ரேடியோவை விட்டார், மகளையும் விட்டார். அப்பா ஒரு காலை உள்ளே வைத்தபோது கூட்டத்தில் நாலு பேர் பின்கதவைக் கண்டுபிடித்து ஓடி வந்தார்கள். "போதும், போதும்!" என்று சென்டர்காரர் கதவைத் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். அப்பா வெளியே நின்றுபோனார்.

இப்போது முன்னாலும் ஆள், பின்னாலும் ஆள். நடுவில் ஒரு பத்துக்குப் பதினெட்டு அறை, ஆறு கணினி, ஓடாத ஏ.சி. ரேடியோவுக்கு மூச்சு முட்டியது. சின்ன வயதில் அலமாரிக்குள் ஒளிந்து விளையாடி உள்ளேயே மாட்டிக்கொண்டவன் அவன். அது முதல் மூடிய கதவு என்றால் அவனுக்குப் பேச்சு இரண்டு மடங்காகும்.

"ஏன் சார், ஜன்னல்னு ஒண்ணு கண்டுபிடிச்சு ரொம்ப நாளாச்சே, உங்களுக்குச் சேதி வரலையா?"

மேஜை மேல் ஒரு பழைய போன் சார்ஜரில் மாட்டியபடி கிடந்தது. நிமிடத்துக்கு நாலு தடவை டிங் என்றது. டிங் என்றபோதெல்லாம் சென்டர்காரரின் தோள் ஒரு தடவை குலுங்கியது.

"எத்தனை கணக்கு?" என்றாள் அண்ணி.

"நூத்தி நாப்பது மேடம்." நாற்காலியில் சரிந்தார். "சத்தியமா நல்லதுக்குத்தான் செஞ்சேன். பிள்ளைங்க நம்பரை மாத்துது, மெயிலை மறக்குது, பாஸ்வேர்டை மறந்துட்டு என் உயிரை வாங்குது. அதனால எல்லாருக்கும் என் நம்பர், என் மெயில். பாஸ்வேர்டும் ஒரே மாதிரி. பிள்ளை பேரு, பக்கத்துல ஒண்ணு ரெண்டு மூணு. மாணவர் நம்பரோ பெத்தவங்க நம்பரோதான் குடுக்கணும்னு விதி இருக்கு. வெளிய தெரிஞ்சா என்னைத் தோலை உரிச்சிடுவாங்க. இன்னைக்கு இந்தப் பொண்ணு விஷயம் பரவினதும் எல்லாரும் வந்து நிக்கிறாங்க. ஒருத்தருக்குக் கதவைத் திறந்தா நூத்தி நாப்பது பேரும் உள்ள வருவாங்க."

"அப்ப நூத்தி நாப்பது வீட்டுல யார் வேணா இந்தக் கணக்குக்குள்ள போயிருக்கலாம்!" ரேடியோ விரலைச் சொடுக்கினான். "அண்ணி, கேஸ் முடிஞ்சுது. இதே கப்பல் கல்லூரிக்குப் போட்டி போடுற பிள்ளை ஒண்ணு இருக்கும். அதுதான் செஞ்சிருக்கும். எழுதி வெச்சுக்குங்க."

மகள் திரும்பினாள். "என் ஃபிரெண்டும் அதுக்குத்தான் போட்டிருக்கா. அவளுக்கும் இங்கதான் பண்ணினோம். ஆனா அவ அப்படி..." முடிக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பத்து வருடச் சிநேகிதியைச் சந்தேகப்பட வேண்டிய நிலைமை வந்துவிட்டதே என்று ரேடியோவுக்கே மனசு கஷ்டமாக இருந்தது.

"நீ அந்தக் கடைசி கம்ப்யூட்டர்ல உக்காரும்மா. உதவி மையத்துக்குப் போன் போட்டு வரிசையில நில்லு. ஹெட்போன் மாட்டிக்க. என்ன ஆனாலும் கழட்டாதே" என்றாள் அண்ணி.

மகள் மாட்டிக்கொண்டாள். திரையில் வந்தது: 'நீங்கள் வரிசையில் 312ஆவது நபர். உங்கள் நேரம் எங்களுக்கு மதிப்பு மிக்கது.' அதற்குக் கீழே ஒரு சிவப்புக் கடிகாரம் பின்னோக்கி ஓடியது. ஒன்றரை மணி நேரமும் சில வினாடிகளும் பாக்கி இருந்தன.

"முடக்கினா ஒரு மெயில் வரும்ல? காட்டுங்க."

சென்டர்காரர் பெட்டியைத் திறந்தார். படிக்காத மெயில் ஆறாயிரத்துச் சொச்சம். நூற்று நாற்பது பிள்ளைகளின் வாழ்க்கை ஒரே பெட்டியில் மூட்டையாகக் கிடந்தது. தேடி எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் ஷட்டரில் விழுந்த அடிகளை எண்ணிய ரேடியோ, அறுபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டான்.

மெயில் கிடைத்தது. நேற்று மதியம் 2.10க்கு உள்ளே வந்திருக்கிறார்கள். 2.16க்கு முதல் விருப்பம் நீக்கம். 2.24க்குக் கணக்கு முடக்கம். கடைசியில், முடக்கியவர் எழுதிய குறிப்பு:

'பணி முடியவில்லை. யாரும் இயக்க வேண்டாம். 2.10 முதல்.'

"இயக்க வேண்டாமா? இதென்ன கணக்கா, தண்ணி மோட்டாரா?" என்று சிரித்தான் ரேடியோ.

அண்ணி சிரிக்கவில்லை. மெயிலை இரண்டாம் தடவை படித்தாள். "தம்பி, போட்டிக்காரியா இருந்தா என்ன செஞ்சிருப்பா?"

"கல்லூரியைத் தூக்கிட்டு, 'இறுதியாகச் சமர்ப்பி'ன்னு அழுத்திட்டு ஓடியிருப்பா."

"அந்தப் பொத்தான் பக்கத்துலயே இருக்கு. இந்த ஆள் அழுத்தல. எட்டு நிமிஷம் சும்மா உக்காந்திருக்கார். அப்புறம் தேடிப் போய், யாரும் தொடாத ஒரு மூலையில இருக்கற முடக்கத்தைப் போட்டிருக்கார். கெடுக்க வந்தவர் இப்படிச் செய்ய மாட்டார். செஞ்சதை முடிக்கவும் மனசு வரல, திருப்பவும் மனசு வரல. அப்படியே நிறுத்தி வெச்சுட்டுப் போயிருக்கார்." சென்டர்காரர் பக்கம் திரும்பினாள். "நேத்து ரெண்டு மணிக்கு நீங்க எங்க?"

"சாப்பாட்டுக்குப் போனேன் மேடம். ரெண்டுலருந்து ரெண்டரை. கதவு திறந்துதான் இருந்துச்சு."

"போன்?"

"அதை எடுத்துட்டுப் போக முடியாது. சார்ஜர்லருந்து எடுத்தா செத்துடும். ஆனா யாருமே வரல மேடம். லிஃப்ட் ரிப்பேர். மூணு மாடி யார் ஏறி வருவா?"

"திரும்பி வந்தப்ப இங்க யார் இருந்தா?"

"யாரும் இல்ல."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தரும் இல்ல மேடம். லிஃப்ட்காரர் மட்டும் கழிப்பறைக் குழாயில கை கழுவிட்டிருந்தார். அவரு மாசாமாசம் வர்றவர்தானே. முதுகைத்தான் பாத்தேன். கூப்பிட்டேன், திரும்பல."

அறையில் போன் டிங் என்றது. அண்ணி மெதுவாக ரேடியோவைப் பார்த்தாள்.

"தம்பி, கீழ போய் அந்த லிஃப்ட் பலகையைக் கழட்டிக்கிட்டு வா."

"பலகையா? அண்ணி, வெளிய முப்பது பேர். என்னைப் பிச்சுத் தின்னுடுவாங்க."

"உன்னை முழுசா முடிக்க முப்பது பேர் போதாது. போ."

பின்கதவு ஒரு சாண் திறந்தது. ரேடியோ தன் உடம்பை எப்படி அதற்குள் நுழைத்தான் என்பது அவனுக்கே புரியவில்லை. பாதிக் கூட்டம் பின்பக்கம் வந்திருந்தது. ஷட்டர் பக்கம் மெக்கானிக் மட்டும் ஓரமாக நின்றிருந்தார். தட்டவில்லை. உள்ளங்கையை ஷட்டரின் மேல் வைத்து, தலையைச் சாய்த்து, உள்ளே என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரேடியோ அவரைத் தாண்டி மூன்று மாடி இறங்கினான்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பலகையைப் படித்தான்.

'பணி முடியவில்லை. யாரும் இயக்க வேண்டாம். 1.40 முதல்.'

கட்டடக் காவலாளி அவன் தோளைத் தட்டினார். "அதைக் கழட்டாதீங்க தம்பி. அந்த மெக்கானிக் ஒழுங்கான ஆளு. எடுத்த வேலையை முடிக்காம போனதே இல்ல. நேத்துதான் என்னமோ, நடுவுல விட்டுட்டுப் போயிட்டார். இன்னைக்கும் வந்தார், பொண்ணோட. என்னைக் கண்டும் காணாத மாதிரி படியேறிப் போறார்."

ரேடியோ கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டான். சொல்ல ஒரு வேடிக்கைகூடக் கிடைக்கவில்லை. மேலே ஏறினால் அந்தப் பெண் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பாள். செஞ்சவன் நல்லாவே இருக்க மாட்டான் என்று அவள் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் இருந்த மனிதரின் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தான். பார்க்காமல் விட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது.

பலகையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வந்தான். மெக்கானிக் திரும்பினார். பலகையைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார். ஷட்டரிலிருந்து கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அவகிட்ட சொல்லியாச்சா?"

"இல்லண்ணே. நீங்க வாங்க" என்றான் ரேடியோ. கூட்டத்தை அவன் விலக்கிய விலக்கலில் இரண்டு பேர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

மணி நாலு இருபது. உள்ளே வந்ததும் மெக்கானிக் தன் மகளின் முதுகைப் பார்த்தார். அவள் வரிசையில் 188ஆவது நபராக முன்னேறியிருந்தாள்.

"எப்பத் தெரியும்?" என்று அண்ணியிடம் கேட்டார்.

"பஸ்ல டிக்கெட் எடுக்காதவன் என் மூஞ்சியைப் பாக்க மாட்டான், கதவைத்தான் பாப்பான். எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் யாருன்னு கேப்பாங்க. நீங்க கதவைத் திறங்கன்னீங்க. அப்புறம் கீழ தம்பியும் பொண்ணும் லிஃப்ட் பொத்தானை அழுத்தினாங்க, நீங்க அழுத்தல. அது எதனால நிக்குதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

மெக்கானிக் பலகையைத் தடவினார். "ஆள் மாட்டிக்கிட்டா முதல்ல இதைத்தான் தொங்கவிடுவோம். தொங்கிட்டா யாரும் தொட மாட்டாங்க. நாம முடிவு பண்ற வரைக்கும் அப்படியே நிக்கும். இதுவும் அப்படியே நிக்கும்னு நினைச்சேன்மா. ராத்திரி யோசிச்சு, காலையில வந்து சரி பண்ணிடலாம்னு. அஞ்சு மணிக்கு அதுவே முடிஞ்சுடும்னு எனக்கு யார் சொன்னா? காலையில வந்தா ஷட்டர் கீழ. பக்கத்துலயே இவ அழுதுட்டு நிக்கிறா. வாயைத் திறக்க முடியல."

"இப்பத் திறந்துதான் ஆகணும்" என்றாள் அண்ணி.

அவள் போய் மகளின் ஹெட்போனைக் கழற்றினாள். மகள் அப்பாவைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், திரையில் திறந்திருந்த மெயிலைப் பார்த்தாள். மூன்றையும் சேர்த்துப் படிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. கெட்டிக்காரப் பெண்.

"அப்பா?"

மெக்கானிக் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து சுவர் வரைக்கும் போனாள். அதற்கு மேல் போக இடமில்லை. வெளியே போகவும் வழியில்லை. திரும்பி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

"எண்ணைப் போடுங்க" என்றாள் அண்ணி. "ஒரு தடவைதான் இருக்கு."

மெக்கானிக் ஒற்றை விரலால் அடித்தார். சுழியம், நாலு, சுழியம், எட்டு. மேஜை மேல் போன் டிங் என்றது. சென்டர்காரர் ஓ.டி.பி.யைப் படித்தார். திரை ஒரு தடவை மினுக்கிவிட்டு மாறியது.

ரேடியோ அண்ணியின் காதருகே குனிந்தான். "நானூத்தி எட்டு! லிஃப்ட் தகடு! உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"பலகை வரப்பவே தோணிச்சு. பலகை வாசகத்தையே இங்கயும் எழுதினவர் எண்ணை மட்டும் வேற எங்க போய்த் தேடுவார்?"

"அப்ப நீங்களே போட்டிருக்கலாமே."

"தப்பாயிருந்தா அந்தப் பொண்ணு கதி? சரியாவே இருந்தாலும் கணக்குதான் திறந்திருக்கும் தம்பி. அவர் எதையும் சொல்லாம உள்ளேயே மாட்டிக்கிட்டுத்தான் கிடப்பார்."

ஆனால் தளம் இன்னும் விடவில்லை. புதிதாக ஒரு பெட்டி வந்து நின்றது. 'முடக்கத்தை நீக்குவதற்கான காரணத்தை முடக்கியவர் எழுதவும். குறைந்தது 150 எழுத்துகள். இடைவெளிகளும் நிறுத்தக்குறிகளும் சேராது.'

மணி நாலு முப்பத்தொன்று. மெக்கானிக் 'தவறு நடந்துவிட்டது' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார். பெட்டிக்குக் கீழே சிவப்பில் வந்தது: இன்னும் 139 எழுத்துகள் தேவை.

"மேல எதையாவது அடிச்சு ரொப்பலாமே" என்றார் சென்டர்காரர்.

"அது ஒத்துக்காது. அர்த்தமில்லாம இருந்தா திருப்பி அனுப்பிடும்." சுவரைப் பார்த்தபடியே சொன்னாள் மகள். அந்தத் தளத்தின் விதிகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசாத மனிதர். மனைவி வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டால்கூட, 'ம்', 'சரி', 'பாப்பாகிட்ட குடுக்கறேன்' என்று மூன்றோடு முடித்துவிடுகிறவர். ரேடியோ தன் வாயில் இருப்பதில் பாதியை அந்த மனிதருக்குக் கடன் கொடுக்க முடிந்தால் அந்த நிமிடமே கொடுத்திருப்பான். மெக்கானிக் எழுதியதை அழித்தார். மறுபடி ஆரம்பித்தார். ஒரு எழுத்து, ஒரு தேடல், இன்னொரு எழுத்து. ஷட்டரில் அடி விழுந்துகொண்டே இருந்தது. அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

நாலு நாற்பதுக்கு மகள் சுவரை விட்டுத் திரும்பினாள். நாலு நாற்பத்திரண்டுக்கு அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். திரையில் எழுத்து எழுத்தாக வந்துகொண்டிருந்தது:

'இதை மாற்றியது என் மகள் இல்லை. அவள் அப்பா நான். அவள் அம்மா இரண்டு வருடம் என்று போனாள். ஆறு வருடம் ஆகிவிட்டது. இவளும் போனால் வீட்டில் யாரும் இல்லை. பயந்து செய்தேன். பாதியில் நிறுத்தினேன். அவள் கேட்ட கல்லூரியே முதலில் வேண்டும். அவள் நன்றாகப் படிப்பாள். இது எனது தவறு. தயவு செய்து திறந்து விடுங்கள்.'

நாலு நாற்பத்தொன்பது. பொத்தான் இன்னும் சாம்பல் நிறத்திலேயே இருந்தது.

இன்னும் 5 எழுத்துகள் தேவை.

மெக்கானிக் நெற்றியைத் துடைத்தார். மனசில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோன முகம். விரலை விசைப்பலகைக்கு மேலேயே வைத்துக்கொண்டு எதைப் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ரேடியோவின் நாக்கு நுனியில் ஐந்து எழுத்தில் நூறு வார்த்தை நின்றது. அண்ணி அவன் காலை மிதித்தாள்.

பின்னாலிருந்து மகளின் கை வந்து அப்பாவின் தோளில் உட்கார்ந்தது. மெக்கானிக் அந்தக் கையைப் பார்க்காமலே, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார்.

'போயிட்டு வா.'

பொத்தான் பச்சையானது.

அவர் அழுத்தவில்லை. எழுந்து நாற்காலியை மகளுக்கு விட்டார்.